240 கெஜம் மனைக்கும் கூல் ரூஃப் கட்டாயமா? (ஹைதராபாத்)

மாரேட்பள்ளி வாசி:
மல்காஜ்கிரி பக்கம் 240 சதுர கெஜத்தில் வீடு கட்டுகிறோம். மேல் தளம் போட்டாச்சு. இப்போது கான்ட்ராக்டர், "கூல் ரூஃப் (வெயிலைத் திருப்பி அனுப்பும் மாடிப் பூச்சு) இல்லையென்றால் ஓ.சி. (குடியேறுவதற்கான சான்றிதழ்) கிடைக்காது, அரசாங்க ரூல்" என்று சொல்லி சதுர அடிக்கு 95 ரூபாய் கேட்கிறார். 1,300 அடி மாடிக்கு லட்சத்தைத் தாண்டுகிறது. நிஜமாகவே கட்டாயமா? மேல்மாடியில் அம்மா இருக்கப்போகிறார், அதனால் போடவே கூடாது என்றும் இல்லை.

சென்ட்ரிங் செல்வம்:
ரூல் உண்மை, உங்களுக்குக் கட்டாயம் என்பது பொய். தெலங்கானா கூல் ரூஃப் கொள்கை 2023 ஏப்ரலில் வந்தது, 2028 வரைக்கும். அரசுக் கட்டடம், கடை, ஆபீஸ் எல்லாம் எந்த அளவானாலும் போட்டாக வேண்டும். குடியிருப்பு என்றால் மனை 600 கெஜமும் அதற்கு மேலும் இருந்தால்தான் கட்டாயம், அவர்களுக்குத்தான் ஓ.சி.யோடு முடிச்சு. அதற்குக் கீழே நம் விருப்பம். உங்கள் ஆள் பாதி ரூலைச் சொல்லி முழுக் காசு கேட்கிறார்.

ஆனாலும் போடுங்கள். கொள்கையை வெளியிட்டபோது அன்றைய அமைச்சர் கே.டி.ராமா ராவ் சொன்ன கணக்கு சதுர மீட்டருக்கு 300 ரூபாய், அதாவது அடிக்கு 28. இன்றைக்குக் கொஞ்சம் கூடலாம், 95 ஆகாது. பெயிண்ட் டப்பாவின் விவரத்தாளில் எஸ்.ஆர்.ஐ. எவ்வளவு என்று பாருங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவுகோல் அது. வெயிலைத் திருப்பி அனுப்புவதையும், உள்வாங்கிய சூட்டை வெளியே விடுவதையும் சேர்த்துச் சொல்லும். அந்த எண்ணே இல்லாத 'ஹீட் ப்ரூஃப்' டப்பாவை வாங்காதீர்கள்.

அப்புறம், வாட்டம் சரியாக இருக்கிறதா என்று முதலில் மாடியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கும் இடத்தில் எந்தப் பெயிண்டும் உரிந்து வரும். சிலர் இதையே ஒழுகலுக்கும் மருந்து என்று விற்கிறார்கள். விரிசலைத் தனியாக அடைத்துவிட்டுத்தான் இது.

தார்நாக்கா ரமா:
எங்கள் ஃபிளாட்டில் சுண்ணாம்பில் பசை கலந்து அடிக்கிறோம். மார்ச்சில் அடித்தால் அந்தக் கோடைக்குப் போதும், ஒரு மழையில் பாதி போய்விடும். செலவு ரொம்பக் குறைவு.

சென்ட்ரிங் செல்வம்:
வாடகை வீட்டுக்கு அது சரி, மேடம். சொந்த வீட்டில் வருஷா வருஷம் ஆள் தேடுவது யார்? ஆனால் விலையுயர்ந்த பெயிண்டும் தூசி படிந்தால் சாம்பல் நிறம்தான், பலன் குறைந்துவிடும். கோடைக்கு முன்னால் ஒரு தடவை துடைப்பம் போட்டுக் கழுவணும்.

மாரேட்பள்ளி வாசி:
எஸ்.ஆர்.ஐ. கேட்டேன். "அதெல்லாம் கம்பெனியில்தான் சார் தெரியும்" என்றவர், சாயங்காலமே 60க்கு இறங்கிவிட்டார்! பெயிண்டை நானே வாங்கிக் கூலி மட்டும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். தளம் போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது, இப்போதே அடிக்கலாமா?

சென்ட்ரிங் செல்வம்:
வேண்டாம். 28 நாளாவது போகட்டும், ஈரம் நன்றாகக் காயணும். பிறகு கழுவி, பிரைமர், அதன் மேல் இரண்டு கோட்; இரண்டாவதை முதல் கோட்டுக்குக் குறுக்காக இழுக்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் ரோலரைத் தொட விடாதீர்கள்.