ஏற்காடு அலுவலகக் கணினி: என்விஎம்இ வட்டு ராத்திரியில் மட்டும் காணாமல் போகிறது

ஏற்காடு மிளகு:
வணக்கம். காபித் தோட்ட அலுவலகக் கணினி. டெபியன் 12, கர்னல் 6.1, எம்.2 துளையில் 512 ஜிபி என்விஎம்இ வட்டு (எஸ்எஸ்டி வகை). பகலில் பில், எடைக்கணக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் பார்த்தால் திரை எரிகிறது, மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைத் திறந்தாலும் "இன்புட்/அவுட்புட் எர்ரர்". ரீபூட் செய்தால் பயாஸிலேயே வட்டு தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டுச் செருகினால்தான் வருகிறது. வட்டின் உடல்நிலை காட்டும் ஸ்மார்ட் சோதனையில் பிழை 0. ஜர்னலில் (கணினியின் நிகழ்வுப் பதிவு) நடுராத்திரிக்கு மேல் ஒரு வரிகூட இல்லை. மலையில் கரண்ட் ஏறி இறங்குவதாலா? ஸ்டெபிலைசர் வாங்குவதா, வட்டை மாற்றுவதா?

சூரமங்கலம்:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் கணக்கையெல்லாம் வெளி வட்டில் பேக்கப் எடுத்துடுங்க.

கரண்ட் ஆடினால் பெரும்பாலும் கணினியே அணைந்து எழும், வட்டு மட்டும் தனியாகப் போகாது. ஜர்னல் காலியாக இருப்பதும் இயல்புதான். பதிவு எழுதவேண்டிய இடமே அந்த வட்டு, அது போனபின் எங்கே எழுதும்? அதனால் இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்ஹெச்-இல் நுழைந்து, கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ‑டபிள்யூ சேர்த்து ஓடவிட்டு, அந்தச் சன்னலை ராத்திரி முழுக்கத் திறந்தே வைங்க. கூடவே என்விஎம்இ ஐடி‑கன்ட்ரோல் கட்டளை தரும் பவர் ஸ்டேட் (பிஎஸ், வட்டின் மின்சேமிப்பு நிலை) பட்டியலும் வேணும்.

ஏற்காடு மிளகு:
மூன்றாம் நாள் மாட்டியது. முதலில் "ஐ/ஓ டைம்அவுட், அபார்ட்டிங்". சரியாக 30 நொடி கழித்து "கன்ட்ரோலர் இஸ் டவுன், வில் ரீசெட்", பக்கத்தில் சிஎஸ்டிஎஸ் (வட்டு சொல்லும் தன் நிலை) மதிப்பு எட்டு இலக்கமும் எஃப். அப்புறம் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை "ரீட்‑ஒன்லி" ஆனது. பட்டியலில் பிஎஸ் 3: நுழைய 210 மைக்ரோநொடி, வெளிவர 1500. பிஎஸ் 4: நுழைய 2200, வெளிவர 6000.

சூரமங்கலம்:
எல்லாம் எஃப் என்றால் வட்டு தப்பான பதில் சொல்லவில்லை, பதிலே சொல்லவில்லை. வட்டை போர்டோடு சேர்க்கும் பிசிஐஇ இணைப்பில் எதிர்முனை இல்லாதபோது எல்லா பிட்டும் 1 என்றுதான் படிக்கும்.

ஏபிஎஸ்டி என்ற மின்சேமிப்பு வசதி 2017இல் 4.11 கர்னலில் வந்தது. வட்டு சும்மா இருந்தால் தானாகவே ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகும். எப்போது போகணும் என்ற அட்டவணையை டிரைவர்தான் கொடுக்கிறது. உங்க பிஎஸ் 4க்குப் போய்வர 8200 மைக்ரோநொடி. அது கர்னலின் வரம்பான 15000க்குள் இருப்பதால், 100 மில்லிநொடி சும்மா இருந்தாலே இந்தக் கர்னல் அனுப்பிவிடும். சில வட்டுகளின் ஃபர்ம்வேர் அங்கிருந்து எழுந்து வராது.

அஸ்தம்பட்டி:
அண்ணா, 100 மில்லிநொடி பகலிலும் சும்மா இருக்குமே? அப்போ ஏன் போவதில்லை?

சூரமங்கலம்:
நல்ல கேள்வி தம்பி. உறங்கப்போவதில் கோளாறு இல்லை, எழும்போதுதான், அதுவும் எப்போதாவது ஒரு தடவை. ராத்திரியில் ஜர்னல், இஎக்ஸ்டி4 5 நொடிக்கொரு தடவை எழுதும் கமிட் என்று சின்னச் சின்ன எழுத்து வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுந்து மறுபடி உறங்கும். மணிக்கணக்கில் அப்படியே போனால் ஒன்று தவறத்தான் செய்யும்.

இப்போ தீர்வு. கிரப் (கர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) அமைப்புக் கோப்பில் கர்னல் வரியின் மேற்கோள் குறிக்குள் இதைச் சேருங்க (ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல்):

என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0

வெளிவர எவ்வளவு மைக்ரோநொடி வரை ஆகலாம் என்ற வரம்பு இது, 0 என்றால் உறக்கமே கிடையாது. அப்டேட்‑கிரப் ஓட்டி ரீபூட் செய்து பத்து நாள் பாருங்க. கோளாறு நின்றுவிட்டால் 0க்குப் பதில் 5500 போடுங்க. வெளிவர 6000 ஆகும் பிஎஸ் 4 மட்டும் விலகும், பிஎஸ் 3 இருக்கும், வட்டும் சூடாகாது. 0 போட்டும் வட்டு போனால்தான் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் (பிசிஐஇ இணைப்பின் மின்சேமிப்பை நிறுத்துவது). இரண்டையும் முதல் நாளே சேர்த்துப் போட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

அஸ்தம்பட்டி:
இதை டிரைவரிலேயே சேர்க்க முடியாதா?

சூரமங்கலம்:
முடியும். கர்னல் மூலநிரலில் என்விஎம்இ ஹோஸ்ட் கோப்பகத்தில் இருக்கும் பிசிஐ.சி கோப்பில் சாதன அட்டவணை இருக்கு. எல்எஸ்பிசிஐ ‑என்என் காட்டும் இரண்டு எண்களோடு "நோ டீப்பஸ்ட் பிஎஸ்" என்ற குவிர்க்கை (குறிப்பிட்ட சாதனத்துக்கான விதிவிலக்கு) சேர்த்தால் போதும், இரண்டே வரி. ஆனால் அனுப்புமுன் அதே வட்டை வேறு மதர்போர்டில் போட்டுப் பார்க்கணும். இந்த போர்டில் மட்டும்தான் கோளாறு என்றால் அட்டவணையில் சேர்ப்பது அநியாயம், அதே வட்டு வைத்திருக்கும் எல்லா லேப்டாப்பிலும் பேட்டரி வீணாகும். அதற்கு போர்டின் டிஎம்ஐ பெயரையும் (பயாஸ் சொல்லும் போர்டு பெயர்) சேர்த்துப் பார்க்கும் ஃபங்ஷன் அதே கோப்பில் தனியாக இருக்கு.

ஏற்காடு மிளகு:
0 போட்டு பதினோரு ராத்திரி ஒரு டைம்அவுட்டும் இல்லை. இன்று 5500 ஆக்கிவிட்டேன். சேலத்தில் தம்பி கணினியில் வட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்எஸ்பிசிஐ எண்களோடு வருகிறேன்.