அண்ணனும் தம்பியும் எந்த இடத்தில் வேறுபடுகின்றனர்?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் இரு சகோதரர்களைப் பற்றி நெடுங்கதை ஒன்று எழுதி வருகிறேன். மூத்தவர் மீள்குடியேறிய நாள் முதல் காணியை விட்டு அசையாதவர். இளையவர் அதனை விற்றுவிட்டு வெளிநாடு போக விரும்புபவர். எழுத எழுத, மூத்தவர் நற்குணங்கள் அனைத்தும் நிறைந்தவராகவும் இளையவர் பொறுப்பற்றவராகவும் மாறிவிடுகின்றனர். முரணைக் கைவிடாமல் இருவரையும் உயிருள்ள மனிதராக்குவது எப்படி?

மறுமொழி 1 (மல்லாவி)

தம்பி, குணத்தில் முரணை வைத்தால் ஒருவர் நல்லவராகவும் மற்றவர் கெட்டவராகவும் முடிவதைத் தவிர்க்க இயலாது. முரணை அவர்கள் எடுக்கும் முடிவில் வையுங்கள். கம்பனின் கும்பகருணனையும் வீடணனையும் எண்ணிப் பாருங்கள். சீதையைச் சிறை வைத்தது தவறு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. இருவரும் அதனை இராவணனிடமே சொல்கின்றனர். அதன் பின்னர் ஒருவன் இராமனிடம் சேர்கிறான், மற்றவன் தோல்வி உறுதியென்று அறிந்தே அண்ணனுக்காகக் களம் புகுகிறான். தன்னோடு வந்துவிடும்படி வீடணன் களத்தில் அழைக்கும்போது கும்பகருணன் மறுக்கிறான். ஆனால் தம்பி பிரிந்து சென்றதைப் பழிக்கவில்லை, இறந்தவர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்க அவனாவது பிழைத்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறான். உங்கள் மூத்தவருக்கும் வயலில் மிஞ்சுவது கடன்தான் என்று தெரிந்திருக்கட்டும். இளையவருக்கும் அந்த மண் மீது பற்று இருக்கட்டும்.

மறுமொழி 2 (வட்டக்கச்சி)

மேலே ஐயா கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனை ஒரு காட்சியில் காட்டலாம் என்று தோன்றுகிறது. சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த காலத்து நெற்செய்கையில், குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கின்றனர். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும், கணவனை இழந்த ஒரு பெண், கதிர் வரும் நேரத்தில் ஒரு இரவுத் தண்ணீர் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் தீர்மானத்தை மீறினால் நாளை எல்லோரும் மீறுவார்கள் என்று மூத்தவர் மறுக்கிறார். காணியே வேண்டாம் என்று சொல்லித் திரியும் இளையவர் நள்ளிரவில் போய்த் தமது வயலுக்கு வரும் நீரை அவருடைய வயலுக்குத் திருப்பிவிடுகிறார். மூத்தவரின் நேர்மைக்குள் இருக்கும் கடுமையும், இளையவரின் அலட்சியத்துக்குள் இருக்கும் இரக்கமும் அந்த ஓர் இரவிலேயே வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று: குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் அனுமதிப்பத்திரக் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் வழங்கியவை; பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி விற்க இயலாது. இதைக் கவனியாமல் எழுதினால் எங்கள் ஊர் வாசகர் நம்பமாட்டார்.

மறுமொழி 3 (முள்ளியவளை)

சகோதரர்களை அடிக்கடி நேருக்கு நேர் மோதவிட வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் பகுதியில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவள் நான். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் மாதவியும் ஒரு முறையேனும் சந்திப்பதில்லை. ஆயினும் இருவருக்கும் இடையிலான வேறுபாடு கோவலனுடைய வாழ்வு முழுவதும் தெரிகிறது. உங்கள் கதையில் அந்த இடம் தாய்க்கு உரியதாகலாம்: இருவருக்கும் சோறு போடுபவர், இருவரின் கோபத்தையும் தனித்தனியே கேட்பவர்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வாய்க்கால் காட்சியையும் தாயையும் எடுத்துக்கொள்கிறேன், அக்கா. ஆனால் பிரதேச செயலகத்துக்குச் செல்லும் நாளில் மட்டும் சகோதரர்கள் நேரடியாகப் பேசித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு பேச்சை நான் விடமாட்டேன்.