சிங்கிள் தட்டின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன வினைல் இசைத்தட்டு) பின்பக்கம்: உங்க மனசைவிட்டுப் போகாத பாட்டு எது?

ஜெலுத்தோங்காரன்:
பினாங்கு லோரோங் கூலிட் சந்தை, ஞாயித்துக்கிழமை காலை. ரைட்டியஸ் பிரதர்ஸ்ங்கிற அமெரிக்கப் பாடகர் ஜோடியோட சிங்கிள், 1965. முன்பக்கம் 'ஹங் ஆன் யூ', பின்பக்கம் 'அன்செயின்ட் மெலடி'. ரேடியோக்காரங்க தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் பின்பக்கம் ஹிட் ஆச்சு, இது உங்க எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அந்தத் தட்டைப் பத்தி. வியாபாரி வெயில்ல சாய்ச்சுக் காட்டினாரு. முன்பக்கம் கண்ணாடி மாதிரி கறுகறுன்னு இருக்கு. திருப்பினா சாம்பல் பூத்துப் போயிருக்கு. யாரோ அந்த ஒரு பாட்டையே கனமான ஊசியைப் போட்டுத் தேயத் தேயக் கேட்டிருக்காங்க. நடுவுல ஒட்டியிருந்த தாள்ல நீல மையில 'அம்மாவுக்கு'ன்னு தமிழ்ல எழுதியிருந்தது. யாரு அந்த அம்மா? இதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

செந்தூல் தமிழச்சி:
எங்க அத்தை வீட்டுல 78 தட்டு, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு. ஒரு பக்கத்துல மூணு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம்தான் கொள்ளும், அதனால நீளமான பாட்டுன்னா ரெண்டாப் பிரிச்சு முன்னாடி பாதி, பின்னாடி பாதின்னு போட்டிருப்பாங்க. எங்க தட்டுல முன்பக்கம் கீறல், ஊசி நிக்காது. சின்ன வயசு முழுக்கச் சரணத்துலதான் அந்தப் பாட்டு ஆரம்பிக்கும். ஒரு நாள் வானொலியில முழுப் பாட்டும் போட்டாங்க. பல்லவி வந்ததும் அத்தை கரண்டியோட அடுப்படியில இருந்து வெளியே ஓடி வந்தாங்க.

ஊசிமுனை:
தங்கச்சி, 78ங்கிறது அரக்குத் தட்டு, வினைல் இல்ல. பாதிப் பாட்டைப் பின்பக்கப் பாட்டுன்னு சொல்லவும் முடியாது. தமிழ்ப் பட இ.பி.யும் இந்தக் கணக்குல வராது, பக்கத்துக்கு ரெண்டு பாட்டு இருக்கும். என்கிட்ட குளோரியா கெய்னர் பாடின 'ஐ வில் சர்வைவ்' இருக்கு, 1978ல 'சப்ஸ்டிடியூட்' பாட்டுக்குப் பின்பக்கமா வந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஜெலுத்தோங் தம்பி, அந்தத் தட்டைக் கழுவுங்க. காய்ச்சி வடிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, மெல்லிய துணி. வட்டமா, வரியோடவே துடைக்கணும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடுத்தாள்ல ஈரம் படவே கூடாது. பழைய உறையைத் தூக்கிப் போட்டுட்டுப் புது உறை மாத்துங்க, பினாங்கு ஈரக்காத்துக்குப் பூஞ்சை அந்த உறைத் தாள்லதான் முதல்ல பிடிக்கும். அடுக்கும்போது நிமிர்த்தி வைங்க, படுக்கப் போட்டா வளைஞ்சிடும். அரக்குத் தட்டு வெச்சிருக்கவங்க ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க, அரக்கு கரைஞ்சிடும். அதுக்கு ஊசியும் வேற, அகலமானது.

செந்தூல் தமிழச்சி:
அண்ணே, கழுவுறதைப் பத்தி இங்க யாரும் கேக்கலயே. எங்க வீட்டுல ஓடினது பின்பக்கம் மட்டும்தான். அது இந்தப் பேச்சுல சேராதுன்னா வேற எது சேரும்?

மெர்போக் வாசகன்:
பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வாரச் சந்தை. நான் பீட்டில்ஸ் 1966 சிங்கிளைக் கையில வெச்சிருந்தேன், 'பேப்பர்பேக் ரைட்டர்'. வேட்டி கட்டின ஒரு பெரியவர் பக்கத்துல வந்து, "பின்னாடி இருக்கிறதைப் போடச் சொல்லுங்க தம்பி"ன்னாரு. கடைக்காரர் 'ரெய்ன்' போட்டாரு. கடைசியில லென்னன் குரல் தலைகீழா ஓடும் பாருங்க, அது வரைக்கும் அசையாம நின்னு கேட்டாரு, கை மட்டும் தொடையில டிரம்ஸோட தாளம் போட்டுக்கிட்டிருந்தது. முடிஞ்சதும் எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நடந்துட்டாரு. பேரு கூடக் கேக்கல.

அவர் தாளம் போட்டதுல ஒரு நியாயம் இருக்கு. தான் வாசிச்சதிலேயே அதுதான் உசத்தின்னு பீட்டில்ஸோட டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டாரே சொல்லியிருக்காரு. அப்படிப்பட்ட பாட்டைக் கொண்டுபோய்ப் பின்னாடி வெச்சாங்களேன்னு எனக்கு இன்னைக்கும் ஆறல. முன்னாடி இருக்கிறதும் நல்ல பாட்டுதான், ஆனா 'ரெய்ன்' பக்கத்துல அது நிக்காது. இதுக்கு யாராவது மறுப்பு சொல்றதா இருந்தா ரெண்டு பக்கத்தையும் போட்டுக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க.