19 இன்ச் ரிம் போட்ட 520டி, 17 இன்ச் இ250: ஓட்டிப் பார்த்ததில் எதை நம்புவது?

பின்சீட்டு_பயணி (கேள்வி)

வணக்கம். பழைய சொகுசு செடான் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோவை நகருக்குள் ஓட்டம், மாதம் இரண்டு முறை சேலம். வீட்டுப் பெரியவர்கள் பின்சீட்டில் வருவார்கள், அதனால் வேகம் பிரச்சினை இல்லை, குலுங்காமல் போக வேண்டும். கடைசியில் நிற்பவை இரண்டு:

2013 பிஎம்டபிள்யூ 520டி (எஃப்10 தலைமுறை). 19 இன்ச் எம் ரிம், முன்னால் 245/40, பின்னால் 275/35.

2012 பென்ஸ் இ250 சிடிஐ (டபிள்யூ212 தலைமுறை). 17 இன்ச், நான்கிலும் 245/45.

இரண்டையும் பத்து நிமிஷம் ஓட்டினேன். பிஎம்டபிள்யூ சின்னப் பள்ளத்துக்கே தூக்கிப் போடுகிறது, சாலை இணைப்பு ஒவ்வொன்றும் முதுகில் தெரிகிறது. பென்ஸ் ஊருக்குள் மெத்தை மாதிரி போகிறது, ஆனால் பைபாஸில் லேசாக மிதக்கிற உணர்வு. 520டி-க்கு 17 இன்ச் ரிம் மாற்றினால் சரியாகிவிடுமா? இல்லை, பேசாமல் பென்ஸையே எடுத்துவிடலாமா?

ரப்பர்_கணக்கு

முதலில் ரிம் நம்பரை வைத்து இரண்டு காரையும் ஒப்பிடுவதை விடுங்க. குலுக்கலை வாங்கிக்கொள்வது டயரின் பக்கச்சுவர். 245/40 என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம். அகலத்தை அந்தச் சதவீதத்தால் பெருக்கினால் அதன் உயரம் வந்துவிடும்.

எஃப்10-க்கு கம்பெனி கொடுத்த அளவுகள்:
225/55 ஆர்17: பக்கச்சுவர் 124 மி.மீ., மொத்த விட்டம் 679
245/45 ஆர்18: 110 மி.மீ., விட்டம் 678
245/40 ஆர்19: 98 மி.மீ., விட்டம் 679
275/35 ஆர்19 (பின்): 96 மி.மீ., விட்டம் 675

விட்டம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ரிம் வளர வளர ரப்பர் தேய்கிறது, அவ்வளவே. 19-லிருந்து 17-க்கு இறங்கினால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் ரப்பர் கூடும். நம்ம ஊர்க் குழிகளுக்கு அது சின்ன விஷயமில்லை.

இப்போ பென்ஸைப் பாருங்க. 245/45 ஆர்17-இன் பக்கச்சுவர் 110 மி.மீ. அதாவது பிஎம்டபிள்யூவில் 18 போட்டால் எவ்வளவு ரப்பரோ, பென்ஸில் 17-க்கே அவ்வளவுதான். டபிள்யூ212-இன் டயர் விட்டமே 652 சுற்றுவட்டாரம். ஆகவே “17 போட்ட பென்ஸ் மெத்தென்று போகிறது, நானும் 17 போட்டால் அப்படியே ஆகிவிடும்” என்ற கணக்கு சரிவராது. பென்ஸ் மெத்தென்று போவதற்கு வேறு காரணமும் இருக்கலாம், அது நல்ல காரணமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கண்ணாடி_பார்த்து

இஞ்ச் அப்புறம் பார்த்துக்கலாம். அந்த 520டி டயரில் என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா? ரன்ஃப்ளாட்டா, சாதாவா?

ரன்ஃப்ளாட்டில், காற்றே இல்லாவிட்டாலும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. போகிற மாதிரி பக்கச்சுவரை ரப்பர் வைத்துக் கெட்டியாக்கியிருப்பாங்க. அந்தக் கெட்டிதான் முதுகில் இடிக்குது. காற்றைக் குறைத்தாலும் சாதா டயர் மாதிரி அது இளகாது, ஏன்னா சுமையில் ஒரு பங்கைச் சுவரே தாங்குது. பக்கச்சுவரில் ஆர்எஸ்சி, ஆர்எஃப்டி, இசட்பி, ஆர்ஓஎஃப், எஸ்எஸ்ஆர் இதில் ஏதாவது இருந்தால் ரன்ஃப்ளாட். பென்ஸில் எம்ஓ என்றால் பென்ஸ் ஒப்புதல் பெற்ற டயர் என்று மட்டும் அர்த்தம். எம்ஓஇ என்றால்தான் ரன்ஃப்ளாட்.

பிறகு பக்கச்சுவரில் இருக்கும் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அதுதான் தயாரித்த தேதி. 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம். ஆறு வருஷம் தாண்டின ரன்ஃப்ளாட் டயரை வைத்து எந்தக் காரின் சொகுசையும் எடை போடாதீங்க, அது கட்டை.

பின்சீட்டு_பயணி

எதையும் பார்க்கவில்லை. ஞாயிறு காலை திரும்பப் போகிறேன். எதையெதைப் பார்ப்பது, எந்த வரிசையில் ஓட்டுவது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆர்ம்_புஷ்

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: நான் வருகிற வரை வண்டியை எடுக்க வேண்டாம். டயர் ஆறியிருந்தால்தான் காற்றளவுக்கு அர்த்தம் உண்டு. 5, 6 டிகிரி சூடு ஏறினாலே சுமார் 1 பிஎஸ்ஐ கூடிவிடும். கையோடு ஒரு காற்றழுத்த மானியும் காற்றடிக்கும் சின்னப் பம்பும் எடுத்துப் போங்கள். சரியான அளவு 520டி-யில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், பென்ஸில் டீசல் மூடியின் உள்பக்கம். குறைந்த சுமை, முழுச் சுமை என்று இரண்டு கணக்கு இருக்கும். நீங்கள் இருவர் மட்டும் ஓட்டுவதானால் முதல் கணக்கு. பழைய வண்டிகளில் 40 பிஎஸ்ஐ அடித்து நிறுத்தியிருப்பது சகஜம். அதைச் சரியாக்காமல் ஓட்டிப் பார்ப்பது வீண்.

அப்புறம் நான்கு டயரின் மேல்பரப்பையும் உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள். மேடு பள்ளமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம். பக்கச்சுவரில் கொப்புளம் இருந்தால் உள்நூல் அறுந்த டயர், அதோடு நெடுஞ்சாலை ஏறாதீர்கள். ரிம்மின் வெளிவிளிம்பு பளபளவென்று இருக்கும். வளைவது பெரும்பாலும் உள்விளிம்பு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது தூக்கி வைத்துச் சுற்றிவிடுங்கள்.

ஓட்டும்போது மூன்று சோதனை போதும். ரேடியோ, ஏசி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

20 முதல் 30 கி.மீ. வேகத்தில் ஒட்டுப் போட்ட தார்ச்சாலை. இங்கே தடதடவென்று கூர்மையாக இடித்தால் பழி டயருக்கும் காற்றுக்கும்.

40-இல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கட்டும். ‘தொம்’ என்று ஒரே சத்தம் என்றால் பரவாயில்லை. ‘கடக்’ என்று உலோகச் சத்தம் வந்தால் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் மூட்டு), பால் ஜாயின்ட் (அதன் உருண்டை மூட்டு), ஷாக்கின் மேல் மவுன்ட் என்று தேட வேண்டும்.

80-இல் மேம்பாலம் இறங்கும் இடம். வண்டி ஒரு முறை அமிழ்ந்து எழுந்து நின்றுவிட வேண்டும். இரண்டாவது முறை ஆடினால் ஷாக் போய்விட்டது.

பெரும்பாலோர் ஏமாறுவது கடைசியில்தான். செத்த ஷாக் ஊருக்குள் மெத்தென்றுதான் இருக்கும்! டபிள்யூ212-இன் சாதாரண ஷாக்கே சின்ன அசைவுக்கு இளகி, பெரிய அசைவுக்கு இறுகுகிற வகை. புதிதாக இருக்கும்போது அது மிதக்காது. பானட்டைக் கையால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் இந்த எடை வண்டிகளுக்கு ஒத்துவராது.

மண்ரோடு

17 போடுவதென்றால் 225/60 போட்டுவிடுங்க ப்ரோ, ஸ்பீட் பிரேக்கரில் தட்டாது, இன்னும் சாஃப்ட்.

ரப்பர்_கணக்கு

வேண்டாம். 225/60 ஆர்17-இன் விட்டம் 702 மி.மீ., மூன்று சதவீதத்துக்கு மேல் பெரிசு. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும், ஸ்டியரிங் முழுக்க ஒடித்தால் லைனரில் (சக்கரத்துக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை) உரசலாம், இன்ஷூரன்ஸ்காரரும் கேள்வி கேட்பார். கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவு போதும்.

17 ரிம் பழசாகத் தேடும்போது இதெல்லாம் கவனம்:

எஃப்10-க்கு 5 போல்ட், போல்ட் துளைகளின் வட்டம் 120 மி.மீ., நடுத்துளை 72.6. அடுத்த தலைமுறை ஜி30-இல் 112 மி.மீ. வட்டமாக மாற்றிவிட்டார்கள், அந்த ரிம் ஏறாது. பழைய 5 சீரிஸ் இ39-இன் ரிம் 120-தான், ஆனால் நடுத்துளை 74.1. ஏறிவிடும், நடுத்துளை இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் ஓட்டினால் 90-இல் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் தீராது. ரிம்மின் பின்பக்கம் ‘8ஜே x 17, ஐஎஸ்30’ என்று வார்த்திருக்க வேண்டும். 8ஜே என்பது ரிம்மின் அகலம் இன்ச்சில், ஐஎஸ் என்பது பிஎம்டபிள்யூ ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி என்பதை) குறிக்கும் முறை. பகுதி எண்ணே இல்லாத ரிம் நகல்.

520டி-யின் பிரேக்குக்கு 17 தாராளமாகப் போகும். இதே எஃப்10-இல் பெரிய இன்ஜின், பெரிய பிரேக் என்றால் ரிம்மைப் பொருத்திச் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

டயரின் சுமை எண் 97, அதாவது ஒரு டயருக்கு 730 கிலோ. அதற்குக் கீழே வாங்காதீங்க. போல்ட் எம்14 x 1.25, இறுக்கம் 140 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். கடைக்காரர் காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடித்தால் ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்க, 100 கி.மீ. ஓடியதும் திரும்பச் சரிபாருங்க. (பென்ஸ் போல்ட் எம்14 x 1.5, அது ரிம்மில் அமரும் இருக்கை உருண்டை. வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு இருக்கை கேட்கும். ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் இறுகின மாதிரி இருந்து கழன்று வரும்.)

கண்ணாடி_பார்த்து

17-க்குப் போகும்போது சாதா டயரே போடலாம், ரன்ஃப்ளாட் ரிம்மில் அது உட்காரும். ஆனால் ஸ்டெப்னி இருக்கான்னு டிக்கியைத் திறந்து பாருங்க. இல்லைன்னா பஞ்சர் கிட், பம்பு இரண்டும் வண்டியிலேயே இருக்கணும். முன்னால் சாதா, பின்னால் ரன்ஃப்ளாட் என்று கலக்க வேண்டாம். மாற்றினதும் திரையில் வாகன நிலைப் பக்கம் போய் டயர் அழுத்த எச்சரிக்கையை ரீசெட் செய்யணும்.

பின்சீட்டு_பயணி

பார்த்துவிட்டு வந்தேன்.

520டி: நான்கும் ரன்ஃப்ளாட், பின் இரண்டும் 2017. ஆறிய நிலையில் முன்னால் 41, பின்னால் 43 பிஎஸ்ஐ. தூணில் இருந்த அளவுக்கு இறக்கினோம், ஒட்டுச்சாலையில் பாதி இடி குறைந்தது. மேம்பாலத்தில் ஒரே ஆட்டத்தில் நின்றது. ஆனால் 90-இலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, பிரேக் பிடிக்காமல் அதே வேகத்தில் போனால் இல்லை. பெடல் அதிரவில்லை.

பென்ஸ்: காற்று சரியாகவே இருந்தது. மேம்பாலத்தில் மூன்று முறை ஆடியது. முன் டயர் தடவினால் அலை அலையாக இருக்கிறது.

ஆர்ம்_புஷ்

520டி-யில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் என்பதால் பேலன்சிங், ரிம் வளைவு இரண்டும் முதல் சந்தேகமில்லை. அவை இருந்தால் பிரேக் தொடாமலும் நடுங்கும். டிஸ்க் கோணல் என்றால் பெரும்பாலும் பெடலிலும் அதிரும். மீதி இருப்பது முன்பக்கம் சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் டென்ஷன் ஸ்ட்ரட்டின் புஷ். உள்ளே எண்ணெய் நிரம்பிய புஷ் அது. வெடித்தால் எண்ணெய் கசிந்து கறுப்பாகத் தூசி ஒட்டியிருக்கும், லிஃப்டில் ஏற்றினால் கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கம். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் மறுபடி கிழியும். முடிந்ததும் அலைன்மென்ட்.

பென்ஸில் முன் ஸ்ட்ரட் இரண்டு, மேல் மவுன்ட், டயர்; பின் ஷாக்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு அது இப்போது இருப்பதைவிட ஊருக்குள் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள். நீங்கள் ரசித்த மெத்தை பாதி அந்தச் செத்த ஷாக்தான்.

என் கணக்கில் 520டி. புஷ், 17 இன்ச் ரிம், சாதா டயர் ஆகிய மூன்றின் செலவையும் விலையில் குறைத்துக் கேளுங்கள். 19 இன்ச் எம் ரிம்மை விற்பவரிடமே விட்டுவிடாதீர்கள், வளைவில்லை என்றால் அதை வாங்க ஆள் இருக்கிறது, 17-இன் செலவில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

பின்சீட்டு_பயணி

நன்றி சார். புதன்கிழமை லிஃப்டில் ஏற்ற விற்பவர் ஒப்புக்கொண்டார். புஷ் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

ஆர்ம்_புஷ்

போடுங்கள். ஏற்றும்போதே பின்பக்க ஆர்ம்களின் பால் ஜாயின்டையும் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள், உறை கிழிந்திருந்தால் அதையும் ஒரு படம்.