எந்த ஊர், எந்தத் தெரு? படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த அனுபவங்கள்

மாசிவீதி மச்சான்:
படத்தைப் பார்த்து ஊரைச் சொல்லும் இணையப் போட்டியில் வந்தது, கோபுரமே தெரியாத ஒரு மதுரைப் புகைப்படம். பழைய லாட்ஜ், மாடிக் கம்பியில் துண்டுகள் காய்கின்றன, கீழே டீக்கடை. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பலகையில் 'ஸ்திரி வீ' என்று மட்டும் இருக்கிறது. எல்லோரும் அதை இஸ்திரிக் கடை என்று தள்ளிவிட்டு கும்பகோணம், திண்டுக்கல், ஈரோடு என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்றேன். ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் ரூம் தேடி முதலில் நுழைவது அங்கேதானே? 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வேலை பார்த்த மேஸ்திரியின் பெயர் அது, சர்வேயர் மாரட்டுக்கும் ஒரு வீதி உண்டு, கலெக்டர் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது என்று வரலாறு வரைக்கும் சொன்னேன். படம் போட்டவர் "மதுரைக்காரங்களுக்கு எதைப் பார்த்தாலும் மதுரைதான்" என்று எழுதினார். அப்புறம் விடையே சொல்லாமல் படத்தைத் தூக்கிவிட்டார். விடை சொல்லாமல் ஓடுகிறவன் எதற்குப் போட்டி வைக்க வேண்டும்?

ராயபுரம் ரயில்:
எனக்கும் அப்படித்தான். சிவப்புச் சுவர், உயரமான வெள்ளைத் தூண்கள், அவ்வளவுதான் படத்தில். கல்கத்தா ஜமீன் மாளிகை என்றார் ஒருவர். பழைய கோர்ட்டு என்றார் இன்னொருவர். எங்கள் ராயபுரம் ஸ்டேஷன்! 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். சென்ட்ரல் வந்ததே 1873இல்தான். நான் சொன்னதும் ஒருவர், "கும்மிடிப்பூண்டி வண்டியில் தினமும் பீச் போகிறேன், இப்படி ஒரு கட்டடம் அங்கே கிடையாது" என்று அடித்துச் சொன்னார். அதற்குப் பத்து பேர் லைக் வேறு. வண்டிக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே போனால் ரோட்டுப் பக்க முகப்பு எப்படித் தெரியும்?

கோவைக் கண்ணாடி:
ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிப் பத்திரிகையில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது! அதைக் கண்டுபிடித்தது ஒரு சாதனையா? யாரும் திரும்பிப் பார்க்காத தெருவைச் சொல்லுங்கள். நான் ஒரு பாத்திரக் கடையின் ஷட்டரை மட்டும் வைத்து ஒப்பணக்கார வீதியைச் சொன்னவன். மங்கிப்போன பலகையில் எங்கள் கோவையின் எஸ்டிடி கோடு 0422 இருந்தது, அது போதும்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பலகையைப் பாருங்கள். கடைக்காரர்கள் பழைய பலகையை லேசில் மாற்ற மாட்டார்கள், எஸ்டிடி கோடு அப்படியே இருக்கும்: 0452 மதுரை, 0431 திருச்சி, 0413 புதுச்சேரி. கார் நம்பரை நம்ப வேண்டாம், கார் எங்கேயும் போகும். ஆட்டோ நம்பர் பரவாயில்லை. டவுன் பஸ் கிடைத்தால் பக்கவாட்டில் எந்தக் கோட்டம் என்று எழுதியிருக்கும், ஆனால் ஒரு கோட்டத்துக்குள் பல ஊர்கள் வரும், அதோடு நிறுத்தக் கூடாது. சுவரில் அரசியல் கட்சி விளம்பரம் இருந்தால் வேட்பாளர் பெயரைப் படித்துத் தொகுதியைப் பிடியுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஊர், தெரு, சில சமயம் வீட்டு எண்ணே இருக்கும். நிழல் விழும் பக்கத்தை வைத்துத் தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள், ஆனால் காலையா மாலையா என்று முதலில் தெரிய வேண்டும். இதெல்லாம் இரண்டு மாதம் பழகினால் தானாக வரும்.

வாய்க்காலுக்கு மேற்கே:
பலகையே இல்லாத படத்துக்கு என்ன செய்வீர்கள் அண்ணா?

புதுச்சேரி என்றால் எல்லோருக்கும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் எங்கள் ஆயா வீடு. திண்ணை, மரத்தூண், தெருவை ஒட்டித் தாழ்வாரம். அந்தப் படத்தை நானே ஒரு போட்டியில் போட்டேன். வரிசையாகக் காரைக்குடி, காரைக்குடி. திண்ணையும் மரத்தூணும் இருந்தால் செட்டிநாடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் தெருப் பெயரைச் சரியாகச் சொன்னார். சந்தோஷமாக ஹார்ட் போடப் போனேன். கீழே இன்னொரு வரி இருந்தது: "இந்த வீடு இப்போது இல்லையே. போன மாதம் அந்தப் பக்கம் போனேன், தகரம் அடித்து பைக் நிறுத்துகிறார்கள்."

வீட்டை மாமா விற்றுவிட்டது தெரியும். இடித்தது எங்களில் யாருக்கும் தெரியாது. நான் அம்மாவுக்குப் போன் பண்ணுவதற்குள் அந்தப் பதிலுக்குக் கீழே நாலு பேர் "சூப்பர் சார், எப்படிக் கண்டுபிடித்தீங்க" என்று கேட்டிருந்தார்கள்.

மாசிவீதி மச்சான்:
ஐயோ, கஷ்டம்மா.
@கோவைக் கண்ணாடி, ஆட்டோ நம்பர் பரவாயில்லையா? எங்கள் ஊரில் டிஎன் 58, 59, 64 மூன்றும் ஓடுகின்றன. ஊர் தெரியும், தெரு எப்படித் தெரியும்? 2022இல் கூகுள் மேப்பில் தெருவையே படமாகக் காட்டும் ஸ்ட்ரீட் வியூ வந்த பிறகு பாதிப் பேர் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இங்கே மேதாவி ஆகிறார்கள். உங்களைச் சொல்லவில்லை.

கோவைக் கண்ணாடி:
என்னைத்தான் சொல்கிறீர்கள். பரவாயில்லை. முதன்முதலில் அது வந்த பத்து நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான் இருந்தது. நான் ஒப்பணக்கார வீதியைச் சொன்னது அதற்கெல்லாம் முன்னால்.
@வாய்க்காலுக்கு மேற்கே, தங்கச்சி, பழைய வீடுகளை இடிப்பதற்கு முன்னால் அனுமதி வாங்கினார்களா என்று ஒரு ஆர்டிஐ போடுங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று தனியாகச் சொல்கிறேன்.

வாய்க்காலுக்கு மேற்கே:
வேண்டாம் அண்ணா, நான் அதைக் கேட்கவில்லை. அந்தத் தெருவைப் படம் எடுத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், இடது வரிசையில் பச்சைக் கதவு வீடு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் படத்தில் கதவு பாதிதான் வந்திருக்கிறது.