கோல்டு குவில் விருது விண்ணப்பம்: அளவீட்டுப் பகுதியில் உதவி தேவை

வணக்கம். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உள்தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வணிகத் தொடர்பாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐஏபிசியின் (IABC) கோல்டு குவில் விருதுக்கு எங்கள் பாதுகாப்புப் பிரசாரத்தை அனுப்பப் போகிறோம். ஒர்க் பிளானில், அதாவது பிரசாரத்தை விளக்கும் விண்ணப்ப ஆவணத்தில், மற்ற பகுதிகள் தயார், விளைவைக் காட்டும் அளவீட்டில் வந்து நிற்கிறேன்.

பிரசாரம் ஜனவரி முதல் ஜூன் வரை நடந்தது. தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடப் பேச்சு, கேன்டீனில் சுவரொட்டி, வாட்ஸ்அப்பில் ஆடியோ. விபத்து நூலிழையில் தப்பிய சம்பவங்களைத் தொழிலாளர்கள் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். சொன்னார்கள். மாத ரிப்போர்ட்டுகள் இரண்டு மடங்கைத் தாண்டின. வாயே திறக்காத ஒப்பந்தத் தொழிலாளர்களும் இப்போது எழுதிக் கொடுக்கிறார்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆனால் ஏப்ரலில் நிர்வாகம் ரிப்போர்ட்டுக்குப் பரிசும் அறிவித்தது.

வாட்ஸ்அப் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தேன். அது சென்று சேர்ந்த கணக்குதான், விளைவு அல்ல. அப்புறம் பரிசுக்கு முந்தைய மூன்று மாதத்தைத் தனியாகப் பிரித்தேன். உயர்வு இருக்கிறது, சிறியது. சூப்பர்வைசர்களின் கருத்துகள் கையில் உண்டு, பிரசாரத்துக்கு முந்தைய சர்வே கிடையாது.

பரிசின் தாக்கத்தைப் பிரித்து, பிரசாரத்தால் வந்த மாற்றத்தை நடுவர்கள் ஏற்கும்படி எந்த ஆதாரத்தைக் கொண்டு காட்டலாம்?