பழைய எம்.எம்.540: பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டர் படபடக்குது, சுவிட்ச் மாத்தணுமா?

கோத்தகிரி ஜீப்:

வண்டி மஹிந்திரா எம்.எம்.540 ஜீப், 12 வோல்ட். தேயிலைக் கொழுந்து மூட்டை ஏத்துற வண்டி. போன மாசம்தான் பின்பாடி டிங்கரிங், பெயிண்டிங் முடிஞ்சது. வலது பக்க இண்டிகேட்டர்ல ஒரு குறையும் இல்லை. இடது பகல்ல ஒப்பேத்துது. பார்க் லைட் போட்டு பிரேக்கும் மிதிச்சா, பின்னாடி இண்டிகேட்டர் அணையிற அளவுக்கு மங்கிடுது, முன்னாடி படபடன்னு அடிக்குது. லைட் எதுவும் போடாம இடது இண்டிகேட்டர் மட்டும் போட்டா பின்னாடி சிவப்பு லைட்டும் கூடவே லேசா மினுங்குது.

முன்னாடி பழைய தகர டப்பா ஃப்ளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிறது) இருந்தது. அதுல இடது பக்கம் வெட்டாம அப்படியே நின்னு எரியும். அதனால மூணு பின் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்கி பழைய ஒயரையே சொருகியிருக்கு. அதுலேர்ந்து டேஷ்போர்டு பச்சை லைட் எரியறதே இல்லை. பல்பு நாலும் புதுசு, 21 வாட். ஃப்யூஸ் நல்லாயிருக்கு. மிச்சம் சுவிட்ச்தானே? குஞ்சப்பனை மலைப்பாதை இறக்கத்துல மிஸ்ட் இருக்கறப்ப பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒண்ணா வேலை செஞ்சே ஆகணுங்க.

குன்னூர் ஒயரிங்:

சுவிட்ச் பக்கமே போகாதீங்க. இது பின் இடது லைட்டோட எர்த், அதாவது கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பற வழி. பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்குதுன்னா, ரெண்டு பல்பும் ஒரே கெட்ட எர்த்துக்குச் சண்டை போடுதுன்னு அர்த்தம். சிவப்பு லைட் சேர்ந்து மினுங்கறதும் அதேதான்: இறங்க வழியில்லாத கரண்ட் பார்க் பல்பு இழை வழியா பின்வாங்கி, மத்த பார்க் பல்புகள் மூலமா எர்த்தைத் தேடிக்குது.

பழைய ஃப்ளாஷர்ல நின்னு எரிஞ்சது, புதுசுல படபடக்குது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். தகர டப்பாவுக்குள்ள சூடாகி வளையற பட்டை இருக்கும். கரண்ட் குறைஞ்சா அது சரியா சூடாகாது, வெட்டாது. எலக்ட்ரானிக்ல கரண்ட் குறைஞ்சா பல்பு போயிடுச்சுன்னு நினைச்சு வேகத்தைக் கூட்டும். 21 வாட் பல்பு ஒண்ணுக்கு ஒண்ணேமுக்கால் ஆம்பியர், ஒரு பக்கத்துக்கு மூணரை ஆம்பியர் போகணும். உங்க வண்டியில அது போகலை.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வைங்க. வெட்டிக்கிட்டே இருந்தா அளவு நிக்காது, அதனால ஃப்ளாஷரைக் கழட்டிட்டு அந்த சாக்கெட்டுல B (பேட்டரி கரண்ட் வர்ற பின்), L (லைட்டுக்குப் போற பின்) ரெண்டையும் ஒரு துண்டு ஒயரால இணைச்சுடுங்க. இண்டிகேட்டர் நின்னு எரியும். (வலது பக்கமும் இடது பக்கமும் இப்படி எரிஞ்சாலே சுவிட்ச் நல்லாயிருக்குன்னு பாதி தெரிஞ்சிடும்.) மீட்டரோட கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே இருக்கட்டும், பாடியில வைக்காதீங்க. பின்னாடி வரைக்கும் எட்டாது, நீள ஒயர் ஒண்ணு சேர்த்துக்குங்க. சிவப்பு முனையை வரிசையா வைங்க: பல்பு ஹோல்டரோட பித்தளைச் சுவர், லைட்டோட அடித்தகடு, அதை மாட்டியிருக்கிற போல்ட், பெயிண்ட் சுரண்டின பாடித் தகடு, கடைசியா சேஸிஸ். எல்லா இடத்துலயும் 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல அளவு எகிறுதோ அங்கதான் கோளாறு. முதல்ல இண்டிகேட்டர் மட்டும், அப்புறம் பார்க், பிரேக் எல்லாம் போட்டு எடுங்க.

கல்லட்டி 36:

எர்த் விஷயம் மேலே சொன்னது சரி. டேஷ்போர்டு லைட் வேற கதை. பழைய மூணு பின் டப்பாவுல B, L, P இருக்கும். P, பைலட் லைட்டுக்கு, அதாவது டேஷ்போர்டு பச்சை லைட்டுக்குப் போறது. எலக்ட்ரானிக்ல மூணாவது பின் E, அதாவது எர்த். ஒயரை அப்படியே சொருகினதால உங்க ஃப்ளாஷர் இப்ப அந்த பச்சை பல்பு வழியாத்தான் எர்த் எடுக்குது. போற கரண்ட் துளி, அதனால பல்பு எரியாது, ஆனா ஃப்ளாஷர் ஓடும். என்னைக்கு அந்த 2 வாட் பல்பு ஃப்யூஸ் போகுதோ அன்னைக்கு ரெண்டு பக்க இண்டிகேட்டரும் செத்துடும். யாரும் டேஷ்போர்டு பல்பைச் சந்தேகப்பட மாட்டாங்க.

E பின்னுக்குத் தனியா ஒரு கறுப்பு ஒயர் இழுத்து பாடிக்குக் குடுங்க. பச்சை லைட்டுக்கு 1N4007 டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடறது) ரெண்டு போதும். ஒண்ணு இடது இண்டிகேட்டர் ஒயர்லேர்ந்து, ஒண்ணு வலதுலேர்ந்து. வெள்ளிக் கோடு இருக்கிற முனை ரெண்டையும் சேர்த்து பைலட் ஒயர்ல ஈயம் வச்சுடுங்க. ரெண்டு கோடும் திரும்பிட்டா லைட் எரியாது, வேற சேதம் இல்லை. ஒண்ணு மட்டும் திரும்பிடக் கூடாது; கரண்ட் அடுத்த பக்க இண்டிகேட்டருக்குப் பாய்ஞ்சு டயோடு கருகலாம்.

கோத்தகிரி ஜீப்:

அளந்தாச்சு. இண்டிகேட்டர் மட்டும் போட்டா ஹோல்டர்ல 4.2. எல்லாம் போட்டா ஹோல்டர் 7.2, அடித்தகடு 7.1, போல்ட் 7.0, பாடித் தகடு 0.1, சேஸிஸ் 0.05. வலது பக்கம் எல்லாம் போட்டும் ஹோல்டர்ல 0.15தான். போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவுல ஏழு வோல்ட் போகுதுன்னா புது பெயிண்ட்தானா?

குன்னூர் ஒயரிங்:

பெயிண்ட்தான். 12 வோல்ட்ல 7 எர்த்துலயே காலி, பல்புக்கு மிஞ்சறது 5. மங்காம என்ன செய்யும்?

லைட்டைக் கழட்டி, போல்ட் ஓட்டையைச் சுத்தி பாடியில ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு உப்புத்தாளால வெள்ளைத் தகடு தெரியிற வரைக்கும் தேய்ங்க. உள்பக்கம் நட் உக்கார்ற இடத்தையும் தேய்ங்க. பல் வாஷர் போட்டு முறுக்கி, முறுக்கின பிறகு மேல வாஸலினோ பெயிண்டோ பூசுங்க. முன்னாடியே பூசினா பழைய நிலைமைதான்.

அதோட நிறுத்தாதீங்க. அடித்தகட்டுலேர்ந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். கறுப்பு ஒயர் ஒண்ணை சேஸிஸ் போல்ட்டுக்கு நேரா இழுத்துடுங்க, வலது பக்கத்துக்கும் சேர்த்து. ஜீப் பாடி ரப்பர் புஷ் மேல உக்கார்ந்திருக்கு; பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல எர்த் பட்டை இல்லைன்னா இறுக்கின போல்ட்டை நம்பித்தான் மொத்த எர்த்தும். உங்க அளவுல அது இப்ப நல்லாயிருக்கு, நம்ம ஊர் ஈரத்துல ரெண்டு மழைக்காலம் தாங்குமான்னு தெரியாது.

ஒயர் முனைக்கு திம்பிள் (போல்ட்டுல மாட்டுற உலோக வளையம்) போட்டு நல்லா கடிச்சு விடுங்க. ஈயம் வைக்க வேண்டாம். ஆடுற இடத்துல ஈயம் ஏறின ஓரத்துலயே ஒயர் ஒடியும்.

கல்லட்டி 36:

டயோடுக்கு ஈயம் வச்சுத்தான் ஆகணும், டேஷ்போர்டுக்குப் பின்னால கட்டி வச்சா ஆடாது. பின்னாடிக்கு திம்பிள்தான், ஒத்துக்கறேன்.

எமரால்டு மிஸ்ட்:

ஃப்ளாஷர் மேல என்ன எழுதியிருக்குன்னும் பாத்துடுங்க. ஹசார்டு சுவிட்ச் (நாலு இண்டிகேட்டரையும் ஒண்ணா வெட்ட வைக்கிறது) இருந்தா நாலு பல்பு, 84 வாட், 7 ஆம்பியர். 2 x 21ன்னு எழுதின ஃப்ளாஷர் ஹசார்டைத் தாங்காது, கருகிடும். ஹசார்டு போட்டுக்கிட்டே மிஸ்ட்ல இறங்கறவங்க நம்ம பக்கம் நிறைய. கொண்டை ஊசியில எந்தப் பக்கம் திரும்பறாங்கன்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்? பார்க் லைட்டும் ஹெட்லைட் டிம்மும் போதும்.

எல்.இ.டி. பல்பு போடலாம்னு யாராவது சொல்வாங்க. போட்டா கரண்ட் குறைஞ்சு மறுபடியும் படபடக்கும், அதுக்கு 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டர், அது கொதிக்கும். எர்த் சரியான பிறகு 21 வாட் பல்பே தாராளம்.

லென்ஸ் ரப்பர் பழசாயிருந்தா மாத்துங்க. ஆனா சிலிக்கான் வச்சு முழுசா அடைச்சுடாதீங்க; அடியில இருக்கிற சின்ன ஓட்டை தண்ணி வடியத்தான். அதை அடைச்ச லைட்டுலதான் ஹோல்டர் பச்சை பூத்துக் கிடக்கும்.

குன்னூர் ஒயரிங்:

எல்லாம் முடிஞ்சதும் பார்க், பிரேக், இண்டிகேட்டர் மூணும் போட்டு ஹோல்டர்ல திரும்ப அளந்து அளவைப் போடுங்க. நிமிஷத்துக்கு 60லேர்ந்து 120 தடவைக்குள்ள வெட்டணும், எஃப்.சி.க்கு (வண்டி தகுதிச் சான்று) போனாலும் அதைத்தான் பாப்பாங்க. பிரேக் மிதிச்சும் வேகம் மாறலைன்னா சரி. மாறினா ஹோல்டர் அடியில இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருக்கான்னு பாருங்க.